புலி, தேனீ, லாரித் தண்ணீர்: குமரப்பாவை வில்லாபுரத்தில் வைத்து வாசித்தல்

தமிழில் ஜே.சி. குமரப்பாவைப் பற்றி வரும் கட்டுரைகளுக்கென்றே ஒரு வார்ப்பு இருக்கிறது. தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் படித்தார். பம்பாயில் கோட்டு சூட்டோடு தணிக்கைத் தொழில் பார்த்தார். காந்தியைச் சந்தித்தார், கதருக்கு மாறினார், குடிசையில் வாழ்ந்தார். காந்தி இறந்த அதே ஜனவரி 30-இல், 1960-ஆம் ஆண்டு, அவரும் இறந்தார். படிக்கிறவருக்குக் கண் லேசாகக் கலங்கும். “பெரிய மனுசன்யா” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். புத்தகம் மட்டும் திறக்கப்படாது.

இந்தப் புண்ணியக் கதையால் குமரப்பாவுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம், அவரை யாரும் எதிர்த்து வாசிக்கவில்லை என்பதுதான். ஒரு சிந்தனையாளருக்குச் செய்யும் மரியாதை அவரோடு சண்டை போடுவது. மாலை போட்டு மூலையில் உட்கார வைப்பது மரியாதை ஆகாது. திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் சாலையில் போனால் டி. கல்லுப்பட்டி வருகிறது. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் அவர் கடைசிக் காலத்தைக் கழித்தார். மதுரைக்காரர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்த ஒருவரை மதுரையின் பிரச்சினைகளை வைத்து உரசிப் பார்க்க வேண்டாமா? அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் வில்லாபுரம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் புத்தகத்துக்குள் போவோம்.

1

குமரப்பாவின் வாழ்க்கையில் 1929-ஐ ஒரு முறிவு என்று சொல்வது வழக்கம். எனக்கு அது ஒரு தொடர்ச்சியாகத்தான் தெரிகிறது. 1912 வாக்கில் லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை கற்றார். ஊர் திரும்பி, 1924-இல் பம்பாயில் கூட்டாளியோடு சொந்த நிறுவனம் தொடங்கினார். 1927-இல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியாவில் பொது நிதியும் படித்தார். ‘இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது’ என்று ஒரு தேவாலயத்தில் அவர் பேசிய செய்தியைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். தலைப்பு கிடைத்ததும் அவர் செய்தது பழைய வேலையைத்தான். பேரேட்டைத் திறந்து, வரவு எங்கிருந்து வருகிறது, செலவு யாருக்குப் போகிறது என்று பார்த்தார். பிரிட்டிஷ் ஆட்சி இந்திய உழவரின் வரியை எடுத்து, அவருக்குத் திரும்பி வராத செலவுகளில் கொட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

1929 மே 9 அன்று சபர்மதியில் காந்தியைப் பார்க்கப் போனபோது அவர் கையில் இருந்தது அந்த ஆய்வு. காந்தி அதை ‘யங் இந்தியா’வில் தொடராக வெளியிட்டார். உடனே குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் பொருளாதாரக் கணக்கெடுக்கும் பொறுப்பையும் கொடுத்தார். பக்தனைத் தேடும் ஆள் இப்படி வேலை கொடுக்க மாட்டார். தணிக்கையாளரைத் தேடியவர்தான் இப்படிக் கொடுப்பார். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் குமரப்பா இருந்தார். ஏகாதிபத்தியத்தை அவர் திட்டவில்லை, பில் போட்டார்.

சூழலியல் சிந்தனையாளராக அவருடைய முதல் பெருமையும் இங்கிருந்தே வருகிறது. 1942-க்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் எழுதி, 1945-இல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலின் அடிப்படை வேறுபாடு ஒன்றுதான். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாதுக்கள் போன்றவை குறிப்பிட்ட அளவே இருக்கும் கையிருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். ஓடும் ஆறும் வளரும் காடும் அப்படியல்ல. அவற்றின் பெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவை தீராது. கையிருப்பை நம்பி நடக்கும் பொருளாதாரம் கையிருப்புக்காகச் சண்டை போடும், போர் வரும். ஓட்டத்தை நம்பி நடப்பது அமைதிக்கு வழிவிடும்.

இதில் வேதாந்தம் ஏதும் இல்லை. எந்த ஆடிட்டரும் புதிதாகக் கடை போட்டவரிடம் சொல்வதுதான்: “அண்ணாச்சி, முதலைத் தின்னாதீங்க, லாபத்துல சாப்பிடுங்க.” முதலை விற்று வருமானம் என்று கணக்கு எழுதினால் அது பொய்க் கணக்கு. பூமியின் முதலை விற்று வளர்ச்சி என்று எழுதும் நாடுகளின் கணக்கும் பொய்க் கணக்கு என்று 1940-களிலேயே ஒரு தமிழர் சொல்லிவிட்டார். பின்னால் ஈ.எஃப். ஷூமாக்கர் 1973-இல் ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ எழுதியபோது, பௌத்தப் பொருளாதாரம் பற்றிய அத்தியாயத்தில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். அந்த ஷூமாக்கரும் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் இருபது வருடம் பொருளாதார ஆலோசகராக இருந்தவர்தான். கையிருப்பு தீரும் என்று கையிருப்பை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

2

குமரப்பா தணிக்கையோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல நிதியியலாளராக மட்டும் இருந்திருப்பார். அவர் அடுத்த அடி எடுத்து வைத்தது மனவியலுக்குள். கையிருப்பு தீரும் என்று தெரிந்தும் மனிதன் ஏன் அதைத் தின்கிறான்? இதற்கு விடையாக அவர் ஐந்து படிகள் கொண்ட ஓர் ஏணியைக் கட்டினார்.

முதல் படி ஒட்டுண்ணிப் பொருளாதாரம். உதாரணம், ஆட்டைக் கொன்று தின்னும் புலி. தனக்கு உணவு தரும் மூலத்தையே அது அழிக்கிறது. இரண்டாவது, பறித்துண்ணும் பொருளாதாரம். மாந்தோப்பில் புகுந்த குரங்கு மாதிரி. அது மரத்தை அழிக்கவில்லை, மரத்துக்கு எதுவும் கொடுக்கவும் இல்லை. மூன்றாவது முயற்சிப் பொருளாதாரம். தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, உழுது எருவிட்டு அறுக்கும் விவசாயி. நான்காவது கூட்டுப் பொருளாதாரம். தனக்காக இல்லாமல் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ. ஐந்தாவது சேவைப் பொருளாதாரம். கைம்மாறு எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை கொண்டு வரும் தாய்ப்பறவை.

இந்த ஏணி வரலாற்றின் படிகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மார்க்ஸியர்கள் சொல்வதுபோல ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் வருவதில்லை. இவை மனதின் நிலைகள். ஒரே ஊரில், ஒரே வீட்டில், ஒரே மனிதருக்குள் காலையில் தேனீயும் சாயந்திரம் குரங்கும் இருக்கலாம். வாழ்க்கைத் தரம் பற்றி அவர் சொல்வதும் இந்த மனவியலைச் சேர்ந்ததுதான். ‘உயர்ந்த’ வாழ்க்கைத் தரம், ‘தாழ்ந்த’ வாழ்க்கைத் தரம் என்ற சொற்களே மோசடி என்றார் அவர். பொருள்கள் அதிகமாக இருந்தால் அது சிக்கலான வாழ்க்கை, குறைவாக இருந்தால் எளிய வாழ்க்கை. அதில் உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது? சொல்லை மாற்றினால் ஆசையின் கழுத்துப்பட்டி கழன்றுவிடும் என்று அவர் நினைத்தார். விளம்பரத் தொழில் மனவியலை நம்பி வளர்ந்துகொண்டிருந்த அமெரிக்காவை 1920-களில் நேரில் பார்த்த ஒருவர், அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பகுதிதான் நூலில் வாசகரை அதிகம் இழுக்கிறது. இடறுவதும் இங்கேதான்.

முதல் இடறல் உயிரியல் சார்ந்தது. புலி ஒட்டுண்ணியா? இன்றைய சூழலியல் படித்த ஒரு கல்லூரி மாணவர் சிரித்துவிடுவார். புலி இல்லாத காட்டில் மான் பெருகும், கன்றுகள் மேயப்படும், காடு மெலியும். ஒவ்வோர் ஆட்டையும் மானையும் தனித்தனியாகப் பார்த்தால் புலி கொலைகாரன். காட்டை முழுதாகப் பார்த்தால் புலி காவல்காரன். குமரப்பா பார்த்தது தனி உயிரின் நடத்தையை, உயிர்களுக்கு இடையிலுள்ள வலையை அல்ல. அவர் இயற்கையிலிருந்து ஒழுக்கத்தை எடுக்கவில்லை. கையில் இருந்த ஒழுக்கத்தை இயற்கைக்கு மாட்டிவிட்டார். பஞ்சதந்திரம் செய்ததும் அதுதான். அங்கே அது கதை என்று நமக்குத் தெரியும், இங்கே அறிவியல் மாதிரி வருகிறது.

இரண்டாவது இடறல் இன்னும் ஆழமானது. தனி ஆளின் நடத்தையைப் பார்க்கும் கண்ணுக்கு அமைப்பு தெரியாது. நகைக்காகக் குழந்தையைக் கொல்லும் திருடனை ஒட்டுண்ணிக்கும், பிக்பாக்கெட்காரனைப் பறித்துண்பவனுக்கும் அவர் உதாரணம் காட்டுகிறார். கூட்டுப் பொருளாதாரத்துக்கு அவர் காட்டும் மனித உதாரணம் கூட்டுக்குடும்பம். கூட்டுக்குடும்பத்தில் அடுப்படியில் நின்ற பெண்களிடம் கேட்டிருந்தால் அது தேன்கூடா வேறெதுவுமா என்று சொல்லியிருப்பார்கள். கிராமத்தைப் பற்றிய அவருடைய நம்பிக்கையிலும் இதே குருட்டுப்புள்ளி உண்டு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் குறுகிய மனத்தின், அறியாமையின் இருப்பிடம் என்று சாடியபோது, அந்த அடி குமரப்பாவின் பக்கங்கள் மீதும் விழுகிறது. ஊர்க் கைத்தொழிலைப் பற்றி அத்தனை நுணுக்கமாக எழுதியவர், எந்தத் தொழில் எந்தச் சாதியின் தலையில் ஏன் கட்டப்பட்டது என்ற கேள்வியை அதே நுணுக்கத்தோடு கேட்கவில்லை.

3

இங்கே ஒரு மொழிச் சிக்கலைச் சொல்ல வேண்டும். மதுரை வாசகருக்கு மட்டும் வரும் சிக்கல் இது. குறையும் கையிருப்புக்கு அவர் ஆங்கிலத்தில் பயன்படுத்தும் உருவகம் ‘ரிசர்வாயர்’. அகராதிப்படி தமிழில் அதற்கு நீர்த்தேக்கம். ஆனால் வைகைச் சமவெளியில் நீர்த்தேக்கம் என்றால் கண்மாய். கண்மாயோ நிலக்கரிச் சுரங்கத்துக்கு நேர் எதிரானது. வருடா வருடம் நிறையும், வடியும், வண்டல் தரும், கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் அனுப்பும். தேங்கியிருந்தாலும் அது ஓட்டம்தான்.

குமரப்பாவின் இருமைக்குள் கண்மாய் அடங்கவில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. ஆற்றின் ஓட்டம் இயற்கை தருவது, கண்மாயின் ஓட்டம் மனிதர்கள் சேர்ந்து காப்பாற்றுவது. வரத்துக்கால் தூர்ந்தால், மடை உடைந்தால், யார் எப்போது திறப்பது என்ற முறை கெட்டால், அடுத்த மழைக்குக் கண்மாய் இருக்காது. அதாவது ‘தீராத வளம்’ என்ற ஒன்று இயற்கையில் சும்மா கிடப்பதில்லை. அது ஓர் அரசியல் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டிலும் எல்லோருக்கும் சமமான தண்ணீர் கிடைத்ததில்லை. மடையைத் திறந்த நீர்பாய்ச்சி பல ஊர்களில் நிலமில்லாதவர், ஊருக்கு வெளியே குடியிருந்தவர். தண்ணீரைப் பங்கு வைத்தவருக்கு அதில் பங்கு இல்லை.

இன்றைய மதுரையில் உலகனேரி என்ற பெயரில் ஏரி இருக்கிறது. அங்கே 2004-இலிருந்து உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. கிருதுமால் என்ற பெயரில் நதி இருக்கிறது, ஓடுவது சாக்கடை. வில்லாபுரத்தை ஒட்டிய அவனியாபுரத்தில் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு. நகரம் முழுவதும் தின்று போட்டது நகரத்தின் தெற்கு விளிம்பில் மலையாகக் கிடக்கிறது. இதையெல்லாம் ‘மனிதனின் பேராசை’ என்று ஒரே சொல்லில் அடைப்பது குமரப்பாவின் ஏணியில் நின்று பேசுவது. அந்தக் குப்பை ஏன் தல்லாகுளத்தில் கொட்டப்படாமல் அவனியாபுரத்தில் கொட்டப்படுகிறது என்று கேட்க அந்த ஏணி உதவாது.

4

இப்போது வில்லாபுரம்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் இந்தப் பகுதியிலிருந்து மதுரை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த லீலாவதி. வில்லாபுரத்தில் அப்போது தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர். காசு கொடுத்தால் குடம் நிறையும். குழாயில் குடிநீர் வர வேண்டும் என்று லீலாவதி போராடினார். குழாயில் தண்ணீர் வந்தால் லாரிக்கு வேலை இல்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில், தெருவில், ஆட்கள் பார்த்திருக்க அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கவுன்சிலராகி ஒரு வருடம்கூட முடியவில்லை.

இந்தச் சம்பவத்தைக் குமரப்பாவின் ஏணியில் வைத்துப் பார்ப்போம். லாரி வைத்துத் தண்ணீர் விற்பவர் எந்தப் படியில் நிற்கிறார்? லாரி வாங்க முதல் போடுகிறார், டீசல் போடுகிறார், ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றாவது படி, முயற்சி. ஆனால் தண்ணீரை அவர் உண்டாக்கவில்லை. யாரோ காப்பாற்றிய நிலத்தடி நீரை எடுக்கிறார், அந்த வகையில் இரண்டாவது படி. உறிஞ்சி உறிஞ்சிக் கிணறுகள் வற்றினால் மூலத்தையே அழிக்கிறார், முதல் படி. ஒரே லாரியில் பறவையும் குரங்கும் புலியும் ஏறிக்கொண்டு வருகின்றன. இப்படிப் பிரித்துப் பார்க்க வைப்பது குமரப்பாவின் பலம் என்பதை மறுக்க மாட்டேன். ‘தொழில்தானேப்பா பண்றாங்க’ என்று நாம் சாதாரணமாகக் கடந்து போகும் ஒன்றுக்குள் எத்தனை கணக்கு மறைந்திருக்கிறது என்று அவர் காட்டுகிறார்.

ஆனால் அந்த ஏணி இதற்கு மேல் பேசாது. குழாய் ஏன் அதுவரை வரவில்லை? குழாய் வராமல் இருப்பதில் யாருக்கு லாபம்? அந்த லாபத்துக்கு யார் காவல்? ஐந்தாவது படியில் நிற்கும் ஒருவர் முதல் படியில் நிற்பவர்களின் வருமானத்தில் கை வைத்தால் என்ன நடக்கும்? குமரப்பாவின் நூலில் தாய்ப்பறவைக்கும் புலிக்கும் மோதலே வருவதில்லை. அவை தனித்தனி உதாரணங்களாக, தனித்தனிப் பத்திகளில், சமாதானமாக இருக்கின்றன. வில்லாபுரத்தில் ஒரே தெருவில் நேருக்கு நேர் வந்துவிட்டன.

நுகர்வோர் தன் கடமையை உணர வேண்டும் என்பது குமரப்பாவின் முக்கியமான வழிமுறை. நீ வாங்கும் பொருளுக்குப் பின்னால் இருக்கும் ரத்தத்துக்கு நீயும் பொறுப்பு என்பார். துணிக்கும் எண்ணெய்க்கும் இது பொருந்தும். குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய் லாரித் தண்ணீரைப் புறக்கணியுங்கள் என்று சொல்ல முடியுமா? “அதெல்லாம் சரிங்கய்யா, சோறு எதுல வடிக்கிறது?” என்று கேட்பார். தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருப்பவருக்குத்தான் நுகர்வோர் அறம். வழியே இல்லாதவருக்குத் தேவை கவுன்சிலர், கோரிக்கை மனு, மறியல், மாநகராட்சிக் கூட்டத்தில் விடாமல் எழும் ஒரு குரல். லீலாவதி கொடுத்தது அதைத்தான்.

5

ஆக, குமரப்பாவுக்கு அரசியல் தெரியாது என்று முடித்துவிடலாமா? அப்படி முடித்தால் அது இன்னொரு சோம்பேறி வாசிப்பு.

1938-இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்து, அதன் போக்கு பிடிக்காமல் வெளியேறியவர் அவர். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். 1949-இல் வந்த அந்த அறிக்கையை ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ படித்த கையோடு படித்தால் வேறோர் ஆள் எழுதியதுபோல இருக்கும். இடைத்தரகர்களை நீக்க வேண்டும். நிலம் உழுபவருக்கே சேர வேண்டும். குத்தகைக்கு விட்டுவிட்டு எங்கோ உட்கார்ந்து தின்பது கூடாது. ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே புலியும் இல்லை, தேனீயும் இல்லை. சட்டம் இருக்கிறது, உச்சவரம்பு இருக்கிறது, யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பது என்ற தெளிவு இருக்கிறது. கையிருப்பை வைத்திருப்பவன் தானாக மனம் மாற மாட்டான் என்று தெரிந்த தணிக்கையாளர் அந்த அறிக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அறிக்கை பெரும்பாலும் அலமாரிக்குள் போனது. நிலம் வைத்திருந்தவர்கள்தான் கட்சியையும் வைத்திருந்தார்கள். சிறை நூலுக்குக் காந்தி முன்னுரை எழுதி, கிராமத் தொழில் டாக்டர் என்று செல்லமாகப் பட்டம் கொடுத்தார். நில அறிக்கை வந்தபோது காந்தி இல்லை, பட்டம் கொடுக்கவும் யாரும் இல்லை. நம்முடைய பசுமை மேடைகளும் பின்னால் அதையே செய்தன. ‘தாய்மைப் பொருளாதாரம்’ என்ற இனிமையான சொல்லை எடுத்துக்கொண்டு, உச்சவரம்பு என்ற கசப்பான சொல்லை விட்டுவிட்டன. செக்கு எண்ணெய்க் கடையில் குமரப்பா படம் மாட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நில உச்சவரம்பு பற்றிப் பேசும் குமரப்பாவை மாட்ட எந்தச் சுவரும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

குமரப்பாவின் பாதையில் மூன்று நிறுத்தங்கள் உண்டு. முதலாவது, முதலைத் தின்னாதே என்ற கணக்கு. இரண்டாவது, எந்தப் படியில் நிற்கிறாய் என்று உன்னையே கேட்கும் மனவியல். மூன்றாவது, நிலத்தையும் நீரையும் யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற அரசியல். தமிழ் வாசகர் பெரும்பாலும் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறார். நிழல் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவதில் வெயில் அடிக்கிறது. குமரப்பாவும் சிறை நூலில் பெரும்பாலும் இரண்டாவதில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதற்கு 1949 அறிக்கை சாட்சி.

லீலாவதி இந்தப் பாதையில் வரவில்லை. அவருக்குத் தணிக்கைப் பட்டமோ கொலம்பியாவோ தேவைப்படவில்லை. அவர் நேரடியாக மூன்றாவது நிறுத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். சூழலியல் அரசியல் என்ற சொல்லைக்கூட அவருடைய நினைவஞ்சலிகளில் யாரும் பயன்படுத்துவதில்லை. தியாகி என்கிறார்கள், தோழர் என்கிறார்கள். இரண்டும் சரிதான். ஆனால் பொதுநீரைத் தனியார் கையிருப்பாக்குவதை எதிர்த்து உயிர்விட்டவர் என்ற வகையில், தமிழ்நாட்டின் சூழல் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரைக் கட்சிக்காரர்களிடம் மட்டும் விட்டுவைத்திருப்பது பெரிய பிழை. டி. கல்லுப்பட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள், திரும்பி வரும் வழியில் பஸ்ஸை வில்லாபுரம் வழியாகவும் விடச் சொல்லலாம். ஆசிரமத்தில் கேட்ட பாடத்துக்கு இங்கே என்ன விலை கொடுக்கப்பட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.